அளாவு மரங்கள்

ஓர் ஊருக்குச் செல்ல ஒரே பாதை இருப்பதைக் காட்டிலும் இரண்டு பாதைகள் இருத்தல் நன்று. மழைக்காலத்தில் ஒரு பாதையின் பாலம் உடைந்தால் மற்றது கைகொடுக்கும். இதனை மறுப்பார் ஒருவரும் இலர். ஆயினும், கணிப்பொறிகளை ஒன்றோடொன்று பிணைக்கும் வலையில் இவ்வெளிய உண்மை தலைகீழாகிவிடுகிறது. அங்கே இரண்டாம் பாதையைக் காவலின்றி விட்டால், அது முதற் பாதையையும் கெடுத்து, வலை முழுவதையும் சில நொடிகளில் முடக்கிவிடும். உதவிக்கென அமைத்த வழியே ஊறு விளைக்கும் இவ்விந்தையையும், அதனைத் தடுக்க அறிஞர் கண்ட முறையையும் விளக்குவதே இப்பாடம்.

அமெரிக்க நாட்டின் பாஸ்டன் நகரில் பெத் இசுரேல் டீக்கனஸ் என்னும் பெரிய மருத்துவமனை உள்ளது. 2002ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 13ஆம் நாள், அம்மருத்துவமனையின் கணிப்பொறி வலை தளர்ந்து, பின்னர் நின்றுபோயிற்று. மீட்டுயிர்ப்பித்தால் சற்று நேரம் இயங்கும், மீண்டும் விழும். இந்நிலை ஏறத்தாழ நான்கு நாட்கள் நீடித்தது. நோயாளிகளின் குருதிச் சோதனை முடிவுகளைத் திரையில் காணும் வழி அற்றுப்போகவே, ஆட்கள் அவற்றைத் தாளில் எழுதி, கட்டடத்துக்குக் கட்டடம் கையில் எடுத்துக்கொண்டு ஓடினர். அவசர நோயாளிகளை ஏற்கும் பகுதி சில மணி நேரம் மூடப்பட்டது. கணிப்பொறியிலேயே மருந்து எழுதிப் பழகிய இளம் மருத்துவர்கள், தாளில் மருந்துச் சீட்டு எழுதும் முறையை மூத்தோரிடம் கேட்டறிந்தனர். மின்சாரம் நிற்கவில்லை, பகைவர் எவரும் உள்ளே புகவில்லை. ஆராய்ச்சியாளர் ஒருவரின் பெருந்தரவு வலையில் வெள்ளமெனப் பாய்ந்தது. அவ்வெள்ளத்தில் வலையின் பாதைகளை ஒழுங்கு செய்யும் கணக்குத் தவறியது. அடைபட்டிருக்க வேண்டிய மாற்றுப் பாதைகள் திறந்துகொண்டன. நடந்தது இவ்வளவே. மருத்துவமனையின் தகவல் துறைத் தலைவராகிய ஜான் ஹலம்கா இந்நிகழ்ச்சியை மறைக்காமல், பிறரும் அறிந்து கொள்ளட்டும் என்று வெளிப்படையாக எடுத்துரைத்தார். தம் துறையில் நேர்ந்த பிழையை மூடி வைப்பாரே மிகுந்த உலகில் அவர் செயல் பாராட்டத்தக்கது.

திறந்துகொண்ட பாதை ஏன் இத்துணைக் கேட்டை விளைத்தது? இதனை அறிய, வலையின் சந்திகளில் இருக்கும் கருவியை முதலில் அறிதல் வேண்டும். அதற்குச் சுவிட்ச் என்று பெயர். வீட்டில் விளக்கை ஏற்றவும் அணைக்கவும் உதவும் சுவிட்ச் வேறு, இது வேறு. இது வரிசையாகப் பல வாயில்களை உடைய ஒரு பெட்டி. ஒவ்வொரு வாயிலிலும் ஒரு கம்பியைச் செருகலாம். ஒரு கணிப்பொறி அனுப்பும் செய்தி சிறு சிறு பொதிகளாகப் பகுக்கப்பட்டு இப்பெட்டிக்கு வரும். ஒவ்வொரு பொதியின் தலைப்பிலும் பெறுவோர் முகவரியும் அனுப்புவோர் முகவரியும் இருக்கும். சுவிட்ச் அனுப்புவோர் முகவரியைப் பார்த்து, "இவர் இன்ன வாயிலின் பக்கம் இருக்கிறார்" என்று தன் ஏட்டில் குறித்துக்கொள்ளும். பெறுவோர் முகவரி ஏட்டில் இருந்தால் பொதியை அவ்வொரு வாயில் வழியே மட்டும் அனுப்பும். இல்லையெனில், வந்த வாயில் ஒழிந்த மற்றெல்லா வாயில்களிலும் அதன் படியை அனுப்பிவிடும். சில பொதிகள் எல்லார்க்கும் உரியன. ஊர்ப் பறையறைவோன் தெருத்தோறும் சென்று அறிவிப்பது போல, அவை எல்லா வாயில்களிலும் செல்லும்.

இனி, மூன்று சுவிட்சுகளை முக்கோணமாக இணைத்ததாக எண்ணிக் கொள்க. முதலாவது சுவிட்ச் ஓர் அறிவிப்புப் பொதியை இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் அனுப்புகிறது. இரண்டாவது அதனை மூன்றாவதுக்கும், மூன்றாவது இரண்டாவதுக்கும் அனுப்புகின்றன. பின்னர் அவ்விரண்டும் முதலாவதற்கே திரும்ப வருகின்றன. முதலாவது சுவிட்ச் அவற்றைப் புதிய பொதிகள் என்றே கருதி மீண்டும் அனுப்புகிறது. இச்சுழற்சிக்கு முடிவே இல்லை. இணையத்தில் ஊர் கடந்து செல்லும் பொதிகளுக்கு ஆயுள் எண் ஒன்று உண்டு. ஒவ்வொரு சந்தியிலும் அவ்வெண் ஒன்று குறைந்து, பூச்சியமானவுடன் பொதி மாய்ந்துவிடும். ஆனால் 1973ஆம் ஆண்டில் ஜெராக்ஸ் ஆராய்ச்சி நிலையத்தில் ராபர்ட் மெட்காஃப் முதலியோர் வகுத்த ஈதர்நெட் முறையில், பொதிக்கு ஆயுள் எண் கிடையாது. அஃது அன்று தேவைப்படவும் இல்லை. அனைவரும் ஒரே கம்பியில் இணைந்திருந்தனர். அன்று இல்லாத அவ்வெண் பின்னரும் சேர்க்கப்படவில்லை. ஆகவே வளையத்தில் அகப்பட்ட பொதி சாகாவரம் பெற்றதாகிவிடுகிறது. இணைப்புகள் மிகுந்த வலையில் ஒவ்வொரு சுற்றிலும் அது பல்கிப் பெருகவும் செய்யும். ஒரு கிகாபிட் வேகமுள்ள கம்பியில் ஒரு நொடிக்கு ஏறத்தாழ 14,88,000 சிறு பொதிகள் செல்ல இயலும் என்பதை நினைத்தால், வலை எத்துணை விரைவில் மூச்சுத் திணறும் என்பது விளங்கும். பொறியாளர் இதனை அறிவிப்புப் புயல் என்பர்.

அப்படியானால் மாற்று வழியே இல்லாமல் வலையை அமைத்துவிட்டால் என்ன? ஒரு கம்பி அறுந்தால் ஒரு கட்டடமே தனித்துப்போகும். மாற்று வழியும் இருக்க வேண்டும், வளையமும் கூடாது. இம்முரண்பாட்டைத் தீர்த்தவர் ஓர் அம்மையார். 1951ஆம் ஆண்டு பிறந்த ரேடியா பெர்ல்மன் என்னும் அவர், டிஜிட்டல் எக்விப்மென்ட் என்னும் கணிப்பொறி நிறுவனத்தில் பணியாற்றியவர். தம் மேலாளர் இச்சிக்கலைத் தம்மிடம் ஒப்படைத்தபோது, ஒரு வாரத்துக்குள்ளாகவே அவர் வழி கண்டு எழுதி முடித்தார். எஞ்சிய நாட்களில், ஜாய்ஸ் கில்மர் என்னும் அமெரிக்கக் கவிஞர் மரங்களைப் பற்றிப் பாடிய பாட்டின் சாயலில், தம் முறையை விளக்கும் சிறு பாட்டொன்றும் இயற்றினார். 1985ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் அப்பாட்டும் இடம்பெற்றது. பண்டைத் தமிழ்நாட்டில் கணக்கும் மருத்துவமும் பாட்டில் இயற்றப்பட்டதை அறிந்தவர்க்கு இது வியப்பன்று.

அவர் கண்ட முறையின் பெயர் அளாவு மரம். பொறியாளர் வழக்கில் ஸ்பேனிங் ட்ரீ. அளாவுதல் என்பது சென்று எட்டுதல். வானை எட்டிய மாளிகையை வானளாவிய மாளிகை என்கிறோம் அன்றோ? ஒரு மரத்தின் வேரிலிருந்து எந்த இலைக்கும் செல்ல வழி உண்டு. ஆயினும் ஒரே ஒரு வழிதான் உண்டு. பிரிந்த கிளைகள் மீண்டும் ஒன்றுகூடுவதில்லை. வலையில் உள்ள எல்லாச் சுவிட்சுகளையும் எட்டுவதாய், வளையம் எங்கும் இல்லாததாய் ஒரு மரத்தை, இருக்கும் கம்பிகளிலிருந்தே தெரிந்தெடுத்து, ஏனைய கம்பிகளை அடைத்து வைப்பதே இம்முறை. அடைத்தல் என்றால் அறுத்தல் அன்று. அடைபட்ட வாயில் செய்திப் பொதிகளை ஏற்பதில்லை. ஆனால் அது விழித்திருந்து காவற் செய்திகளைக் கேட்டுக்கொண்டே இருக்கும்.

இம்மரத்தை வரைவதற்குத் தலைவர் எவரும் வெளியிலிருந்து வருவதில்லை என்பதே இதன் அழகு. ஒவ்வொரு சுவிட்சுக்கும் ஓர் அடையாள எண் உண்டு. அதன் முற்பகுதி முன்னுரிமை எண். பிற்பகுதி அக்கருவிக்குத் தொழிற்சாலையில் இடப்பட்ட முகவரி. மின்சாரம் வந்தவுடன் ஒவ்வொரு சுவிட்சும், "யானே வேர்" என்று தன் அடையாள எண்ணைக் கூறி அண்டையாருக்குச் செய்தி விடுக்கும். தன்னினும் சிறிய எண்ணைக் கேள்விப்பட்டவுடன் தன் உரிமையை விட்டுக்கொடுத்து, அச்சிறிய எண்ணையே தானும் அறிவிக்கத் தொடங்கும். சில நொடிகளில் வலை முழுதும் ஒரே பெயரைச் சொல்லும். மிகச் சிறிய எண்ணை உடையதே வேர். அடுத்து ஒவ்வொரு சுவிட்சும், வேருக்குச் செல்லச் செலவு குறைந்த வாயில் எது எனக் கணக்கிடுகிறது. பழைய அளவையின்படி 100 மெகாபிட் கம்பிக்குச் செலவு 19. ஒரு கிகாபிட் கம்பிக்கு 4. 10 கிகாபிட் கம்பிக்கு 2. விரைந்த கம்பிக்குக் குறைந்த செலவு. இக்கணக்கில் தேறாத வாயில்கள் அடைபடும். வேர் 2 நொடிக்கு ஒருமுறை தான் நலமாயிருப்பதை அறிவித்துக்கொண்டிருக்கும். 20 நொடி வரை அவ்வறிவிப்பு வரவில்லையெனில், ஏதோ ஒரு கிளை முறிந்தது என்று கொண்டு, அடைபட்ட வாயில் படிப்படியாகத் திறக்கும்.

படிப்படியாக என்றதற்குக் காரணம் உண்டு. அவசரப்பட்டுத் திறந்தால் புயல் வீசும். ஆகவே 15 நொடி கேட்டல், மேலும் 15 நொடி கற்றல் என இரு நிலைகளைக் கடந்தே வாயில் திறக்கும். கம்பி அறுந்ததிலிருந்து கணக்கிட்டால் 50 நொடி வரை ஆகலாம். 1980களில் இக்காலம் பொறுக்கத்தக்கதாயிருந்தது. பின்னர் மக்கள் பொறுமையும் குறைந்தது, தேவையும் பெருகியது. 2001ஆம் ஆண்டு வெளிவந்த விரைவு முறை, அண்டைச் சுவிட்சுகள் தம்முள் வினவி விடை பெற்று உடனே திறக்க வழி செய்தது. இப்பொழுது பெரும்பாலும் ஓரிரு நொடிக்குள் மாற்றம் நிகழ்ந்துவிடுகிறது.

இக்கால அளவைகளெல்லாம் ஓர் எல்லையை மனத்திற் கொண்டு வகுக்கப்பட்டவை. வலையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குச் செல்லும் வழியில் ஏழு சுவிட்சுகளுக்கு மேல் இருத்தல் ஆகாது என்பதே அவ்வெல்லை. பாஸ்டன் மருத்துவமனையின் வலை சிறுகச் சிறுக, இன்று ஒரு பெட்டி நாளை ஒரு பெட்டி எனச் சேர்த்து வளர்ந்தது. எவரும் அறியாமலேயே ஏழைத் தாண்டிவிட்டது. காற்றில்லாத வரையில் சாய்ந்த சுவரும் நிற்கும். வெள்ளம் வந்த நாளில் காவற் செய்திகள் உரிய காலத்தில் சென்று சேரவில்லை. செய்தி வராமையைக் கிளை முறிவாகக் கருதிய சுவிட்சுகள், அடைத்து வைத்த வாயில்களைத் திறந்தன. காவலன் உறங்கியதால் வந்த கேடு அன்று அது. காவலன் குரல் எட்டாத தொலைவில் கோட்டையைக் கட்டியதால் வந்த கேடு.

ஒரு மரத்தால் வலைக்குக் காவல் கிடைத்தது. ஆயினும் ஒரு குறை எஞ்சியது. அடைபட்ட கம்பி, ஆண்டு முழுதும் உண்டு உறங்கும் வேலையாள் போலச் சும்மா கிடந்தது. அருகில் உள்ள கம்பி நெரிசலில் தவிக்க, விலை கொடுத்து வாங்கிய மற்றொரு கம்பி வாளாவிருத்தல் யாருக்கும் உவப்பாகாது. இதற்கிடையில் வேறொரு புதுமையும் வந்தது. ஒரே சுவிட்சின் வாயில்களைப் பல குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவையும் தனி வலை போல நடத்தும் முறை அது. அக்குழுவிற்கு வீலான் என்று பெயர். அலுவலகக் கணக்கு ஒரு வீலான். மாணவர் கணிப்பொறி வேறொரு வீலான். இவை ஒரே கம்பியிற் சென்றாலும் ஒன்றையொன்று அறியா. 1 முதல் 4094 வரை இவற்றிற்கு எண் இடலாம்.

அப்பொழுது சிலர், வீலானுக்கு ஒரு மரம் என வைத்தால் என்ன என்று எண்ணினர். அவ்வாறே செய்தும் பார்த்தனர். ஒரு வீலானின் மரம் இடப்புறக் கம்பியை அடைத்தால், மற்றொன்றன் மரம் வலப்புறக் கம்பியை அடைக்கும். இரண்டு கம்பிகளும் உழைக்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் முந்நூறு வீலான் இருந்தால் முந்நூறு மரம் வேண்டும். ஒவ்வொரு மரத்திற்கும் 2 நொடிக்கு ஒருமுறை ஒவ்வொரு கம்பியிலும் தனித்தனிக் காவற் செய்தி செல்ல வேண்டும். பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான் என்பது பழமொழி. மரக்கணக்கே தொழிலாகிப்போன சுவிட்ச் தன் சொந்தத் தொழிலைச் செய்ய இளைக்கும். மேலும், மூன்று சுவிட்சுகளை முக்கோணமாக இணைத்த வலையில் வரையக்கூடிய வெவ்வேறு அளாவு மரங்கள் எத்தனை? ஒவ்வொரு பக்கமாக அழித்துப் பார்த்தால், மூன்றே மூன்று. நான்கு சுவிட்சுகளை எல்லா வகையிலும் இணைத்தால் பதினாறு. மூன்று வகையே இயலும் இடத்தில் முந்நூறு முறை கணக்கிடுதல் வீண் உழைப்பு அன்றோ?

இவ்வீண் உழைப்பை ஒழிக்கவே பல அளாவு மர முறை பிறந்தது. 2002ஆம் ஆண்டு அது நியமமாக ஏற்கப்பட்டது. பாஸ்டன் வலை நிலைகுலைந்ததும் அதே ஆண்டில்தான். வீலான்கள் பலவற்றைச் சில கூட்டங்களாகச் சேர்த்து, கூட்டத்திற்கு ஒரு மரம் வைத்தல் இதன் கருத்து. எல்லா மரங்களின் செய்தியும் ஒரே காவற் செய்தியில் அடங்கிச் செல்லும். இரண்டு மரங்களே பெரும்பாலான இடங்களுக்குப் போதும்.

இதனை அமைக்கும் வகையை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். ஒரு கல்லூரியின் நடுக் கட்டடத்தில் முதற் சுவிட்ச், இரண்டாம் சுவிட்ச் என இரண்டு பெரிய சுவிட்சுகள் உள்ளன. இரண்டும் தம்முள் இணைந்துள்ளன. நூலகத்தில் உள்ள மூன்றாம் சுவிட்ச் இவ்விரண்டோடும் தனித்தனிக் கம்பியால் பிணைக்கப்பட்டுள்ளது. மாணவர்க்கு வீலான் 10, நூலகத்திற்கு 20, அலுவலகத்திற்கு 30, தொலைபேசிக்கு 40. இவற்றுள் 10, 20 இரண்டையும் முதல் மரத்திலும், 30, 40 இரண்டையும் இரண்டாம் மரத்திலும் சேர்க்கலாம்.

மூன்று சுவிட்சுகளிலும் முதலில் எழுத வேண்டியவை மூன்று. வட்டாரத்தின் பெயர், திருத்த எண், எந்த வீலான் எந்த மரத்தில் என்னும் அட்டவணை. இம்மூன்றும் எல்லாச் சுவிட்சுகளிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருத்தல் வேண்டும். இங்கேதான் பலர் இடறி விழுகின்றனர். ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் சுவிட்சுக்கு வேறு வேறு. அரம் என்பதற்கும் அறம் என்பதற்கும் ஓரெழுத்தே வேற்றுமை. பொருளோ அராவும் கருவி வேறு, ஒழுக்கம் வேறு. அதுபோல ஓரெழுத்து மாறினும் அச்சுவிட்சைப் பிற சுவிட்சுகள் அயல் வட்டாரத்தது என்று ஒதுக்கிவிடும். அட்டவணையை அவை முழுமையாக அனுப்பி ஒப்பிடுவதில்லை. அதிலிருந்து கணக்கிட்டுப் பெற்ற ஒரு சிறு முத்திரையை மட்டும் ஒப்பிடுகின்றன. 4094 வரிகளில் ஒரு வரி வேறுபட்டாலும் முத்திரை வேறுபடும். அயல் எனக் கருதப்பட்ட சுவிட்சோடு வளையம் உண்டாவதில்லை. அந்த அளவுக்கு இம்முறை பாதுகாப்பானதே. ஆனால் எல்லையில் பொது மரம் ஒன்றே ஆட்சி செய்வதால், இரு கம்பிகளில் ஒன்று முன்போலவே உறங்கும். வலை ஓடிக்கொண்டே இருப்பதனால் பிழை கண்ணுக்குப் புலப்படாது. புலப்படாத பிழையே நெடுநாள் வாழ்வது.

அப்பொது மரத்தின் எண் 0. எந்த மரத்திலும் சேர்க்கப்படாத வீலான்களெல்லாம் தாமாகவே அதில் அடங்கும். பழைய முறைச் சுவிட்சுகளோடும் அயல் வட்டாரங்களோடும் பேசுவது அதுவே. வேறு மரங்களை நட்ட மகிழ்ச்சியில் இதனை மறந்துவிடுதல் தகாது.

பெயரும் அட்டவணையும் ஒத்தபின், ஒவ்வொரு மரத்திற்கும் வேரைத் தெரிந்தெடுத்தல் வேண்டும். இதனைச் சுவிட்சுகளிடமே விட்டுவிட்டால் நேர்வது யாது? எல்லாவற்றிற்கும் முன்னுரிமை எண் தொழிற்சாலையிலேயே 32768 என இடப்பட்டிருக்கும். ஆகவே முகவரி எண் சிறியதாயிருப்பதே வெல்லும். பழங்கருவிகளுக்கே பெரும்பாலும் சிறிய எண் அமைந்திருப்பதால், மூலையில் தூசி படிந்து கிடக்கும் மிகப் பழைய பெட்டி வேராகிவிடக் கூடும். பட்டத்து யானை மாலை சூட்டியவனே அரசன் என்னும் பழங்கதைகளில் யானை தக்கவனையே தேர்ந்தெடுத்தது. இந்த யானைக்கோ அவ்வறிவு இல்லை. எனவே முதற் சுவிட்சில் முதல் மரத்திற்கு 4096 என்றும், இரண்டாம் மரத்திற்கு 8192 என்றும் முன்னுரிமை எண் இடுவர். இரண்டாம் சுவிட்சில் இதனை மாற்றி, முதல் மரத்திற்கு 8192, இரண்டாம் மரத்திற்கு 4096 என இடுவர். நூலகச் சுவிட்சைத் தொடுவதில்லை. பொது மரத்திற்கும் முதற் சுவிட்சையே வேராக்குவர். இவ்வெண்கள் 4096இன் மடங்குகளாகவே இருத்தல் வேண்டும். இடையிலுள்ள எண்ணைச் சுவிட்ச் ஏற்பதில்லை. முன்னுரிமைக்கென வைத்த இடத்தின் பெரும்பகுதியை மரத்தின் எண்ணே எடுத்துக்கொண்டதனால் எஞ்சிய படிகள் பதினாறே.

இப்பொழுது நூலகச் சுவிட்சின் நிலையைக் காண்க. முதல் மரத்தைப் பொறுத்தமட்டில், இரண்டாம் சுவிட்சுக்குச் செல்லும் வாயில் அடைபட்டிருக்கிறது. மாணவர் பொதிகள் முதற் சுவிட்சுக்கு நேரே செல்கின்றன. இரண்டாம் மரத்தைப் பொறுத்தமட்டில், முதற் சுவிட்சுக்குச் செல்லும் வாயில் அடைபட்டிருக்கிறது; அலுவலகப் பொதிகள் இரண்டாம் சுவிட்சுக்குச் செல்கின்றன. ஒரே வாயில் ஒருவருக்கு அடைத்தும் ஒருவருக்குத் திறந்தும் இருக்கிறது. இரு கம்பிகளும் உழைக்கின்றன. ஒன்று அறுந்தால் மற்றது இருவர் சுமையையும் தாங்கும்.

இங்கு நுண்ணிய பள்ளம் ஒன்று உண்டு. சிக்கனம் கருதியோ ஒழுங்கு கருதியோ ஒருவர், முதற் சுவிட்சுக்குச் செல்லும் கம்பியிலிருந்து வீலான் 20ஐ மட்டும் நீக்கிவிடுகிறார் என்று கொள்க. மற்றொரு கம்பி இருக்கிறதே, அதன் வழியே போகட்டும் என்பது அவர் எண்ணம். ஆனால் மரம் வீலானைப் பார்த்து வளர்வதன்று. கம்பியைப் பார்த்து வளர்வது. வீலான் 20 முதல் மரத்தைச் சேர்ந்தது. அம்மரமோ மற்றொரு கம்பியை முன்னரே அடைத்து வைத்திருக்கிறது. ஆகவே வீலான் 20க்கு இருந்த ஒரு வழியை மனிதர் மூடினார். மறு வழியை மரம் மூடியது. எல்லா விளக்குகளும் பச்சையாய் எரிந்துகொண்டிருக்க, நூலகத்தார் மட்டும் உலகத்தோடு தொடர்பற்றுப் போவர். ஆகையால், ஒரு மரத்தைச் சேர்ந்த வீலான்கள் அனைத்தையும் எல்லா இடைக் கம்பிகளிலும் ஒருசேர அனுமதித்தலே நெறி.

அட்டவணையை அடிக்கடி திருத்துவதும் நன்றன்று. ஒரு சுவிட்சில் திருத்தி மற்றொன்றில் திருத்தாத இடைவேளையில் இரண்டும் வேறு வட்டாரங்களாகிவிடும். திருத்தம் முடியும் வரை மரங்கள் அலைக்கழியும். இனி வரக்கூடிய வீலான் எண்களையும் முன்கூட்டியே எண்ணி, முதல் நாளிலேயே மரங்களுக்குப் பங்கிட்டு எழுதிவைத்தால் பின்னர்த் தொல்லை இல்லை. பிறவாத வீலானுக்கும் மரத்தில் இடம் ஒதுக்கச் சுவிட்ச் மறுப்பதில்லை.

இவ்வளவு செய்தும், மேசைக்கடியில் ஒருவர் ஒரு சிறு மலிவுப் பெட்டியை வைத்து, கம்பி ஒன்றின் இரு முனைகளையும் சுவரில் உள்ள இரு துளைகளில் செருகிவிடக் கூடும். விளையாட்டாகச் செய்பவரும் உண்டு. தொங்கும் முனையைக் கண்டு ஒழுங்குபடுத்துவதாக எண்ணிச் செய்பவரும் உண்டு. கணிப்பொறிகளுக்கு உரிய ஓர வாயில்களில் காவற் செய்தி எதுவும் வர நியாயமில்லை. வந்தால், அங்கே கணிப்பொறி அன்றி வேறு ஏதோ செருகப்பட்டிருக்கிறது என்பது தெளிவு. அந்நொடியே அவ்வாயிலை மூடிவிடுமாறு சுவிட்சுக்குக் கட்டளையிட்டு வைத்தலும் அமைப்பாளர் கடமையே.

பெர்ல்மன் அம்மையார் தம் முறையே இறுதியானது என்று அமைந்துவிடவில்லை. வழிகளை அடைக்காமலே எல்லாவற்றையும் பயன்படுத்தும் ட்ரில் என்னும் வேறு முறையைப் பிற்காலத்தில் அவரே முன்மொழிந்தார். அதன் நியமம் 2011இல் வெளியாயிற்று. ஆயினும் அளாவு மரம் இன்னும் எண்ணற்ற வலைகளில் வேலை செய்துவருகிறது.

அமைப்பு முடிந்தபின், பொறுப்புடைய பொறியாளர் அதனை நம்பி வாளாவிருப்பதில்லை. விடுமுறை நாளொன்றில், பயனாளர்க்கு முன்னரே அறிவித்துவிட்டு, முதற் சுவிட்சுக்குச் செல்லும் கம்பியைத் தம் கையாலேயே உருவுவர். மாணவர் பொதிகள் இரண்டாம் சுவிட்சின் வழியே செல்லத் தொடங்க எத்தனை நொடி ஆயிற்று என்று எண்ணுவர். பின்னர்க் கம்பியை மீண்டும் செருகி, இரு மரங்களும் பழைய நிலைக்குத் திரும்பினவா என்று மூன்று சுவிட்சுகளிலும் பார்த்து, எந்த வாயில் எந்த மரத்திற்கு அடைபட்டது என்பதைப் படமாக வரைந்து, நாளும் நேரமும் குறித்துச் சுவிட்ச் இருக்கும் பெட்டகத்தின் உட்கதவில் ஒட்டிவைப்பர்.